யூதர் கல்லறைத் தோட்டங்களும் ஜெர்மானியத் திருச்சபையின் பிராயச்சித்தமும்

போலந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளின் சிற்றூர்களில், குடியிருப்புகளுக்கு அப்பால், முட்புதரும் கொடியும் மூடிய யூதர் கல்லறைத் தோட்டங்கள் பல உண்டு. அவை பாழடைந்தது வெறும் அசட்டையினால் அன்று. 1939இல் போலந்தில் ஏறத்தாழ 33 லட்சம் யூதர் வாழ்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 30 லட்சம் பேர் கொல்லப்பட்டனர். புல் களைய ஒரு பேரன்கூட எஞ்சாத ஊர்கள் பல. கிராக்கோவை அடுத்த பிளாஷோவ் முகாமோ இரு யூதக் கல்லறைத் தோட்டங்களின்மீதே எழுப்பப்பட்டது. பெயர் பொறித்த கற்கள் பாதைக்குத் தளமாயின.

பிற்காலத்தில் இத்தகைய தோட்டங்களுக்குள் அரிவாளும் ரம்பமும் ஏந்தி நுழைந்தவர்களுள் ஜெர்மானியக் கிறிஸ்தவ இளைஞரும் இருந்தனர். அவர்களை அனுப்பிய இயக்கத்தின் தோற்றத்தை நாம் அறிவது நன்று.

லோதர் கிரைசிக் என்பவர் பிராண்டன்பர்க் நகரின் நீதிபதி. அறிக்கையிடும் திருச்சபையைச் சேர்ந்தவர். தம் நீதிமன்றத்தின் காப்பிலிருந்த மனநோயாளர் கொல்லப்படுவதை 1940இல் உணர்ந்து, எழுத்து மூலம் எதிர்த்தார், பதவியை இழந்தார். போருக்குப்பின், 1954இல் லைப்சிக் நகரில், 'ஒப்புரவின் அடையாளம்' என்ற பணியைத் தொடங்க முயன்றார், அது கைகூடவில்லை. 1958 ஏப்ரலில் பெர்லின்-ஸ்பாண்டாவில் கூடிய சினோடில் மீண்டும் அழைப்பு விடுத்தபோது பெயர் மாறியிருந்தது: 'பிராயச்சித்த அடையாளம்'.

இம்மாற்றத்தை நாம் சிறியதாக எண்ணலாகாது. ஒப்புரவைத் தீங்கு செய்தவன் அறிவிக்க இயலாது. தீங்குற்றவன் அருளினால் மட்டுமே அதைப் பெறலாம். ஆகவே அவ்வழைப்பு, தங்கள் நாட்டில் தம் கைகளால் நன்மை செய்ய இடந்தருமாறு, வன்முறைக்குள்ளான மக்களை வேண்டிக்கொண்டது. பாவநிவிர்த்தி கிறிஸ்து ஒருவராலேயே என்னும் சீர்திருத்தப் போதனைக்கு இது முரணாகாதோ என்று நம் மாணவர் வினவக்கூடும். 'அடையாளம்' என்னும் சொல்லே அதற்கு விடை என்பது எம் கருத்து.

1961இல் எழுந்த பெர்லின் சுவர் இவ்வியக்கத்தையும் இரண்டாக்கியது. 1991இல்தான் இரு பிரிவும் மீண்டும் இணைந்தன. யூதர் கல்லறைகளைச் செப்பனிடுதல் அதன் கோடை முகாம்களின் பணிகளுள் ஒன்றாயிற்று.

அங்கே ஊழியம் செய்ய வருபவர் முதலில் மாணாக்கராக வேண்டியிருக்கிறது. ஜெர்மானியக் கிறிஸ்தவக் கல்லறை குறித்த ஆண்டுகள் கழிந்தபின் வேறொருவருக்கு உரியதாகலாம். யூதக் கல்லறை என்றென்றும் இறந்தவருக்கே உரியது. தோட்டத்தின் எபிரெயப் பெயர்களுள் ஒன்று 'ஜீவனின் வீடு'. எலும்புகள் அசையலாகாது என்பதால் வேரைப் பிடுங்காமல் தரைமட்டத்தில் வெட்டவேண்டும். கற்களில் ஆசாரிய வழியினருக்குக் கரங்கள், லேவியருக்குக் குடம், பெண்களுக்கு மெழுகுவர்த்திகள் செதுக்கப்பட்டிருக்கும். இறுதியில் நிற்கும் ஐந்து எழுத்துகள், 1 சாமுவேல் 25:29இல் அபிகாயில் தாவீதுக்குக் கூறும் வாழ்த்திலிருந்து எடுத்த சொற்களின் சுருக்கம். தேர்வுக்கென மட்டும் எபிரெயம் கற்கும் நாம் இதனைக் கவனித்தல் நலம்.

சாலைகளிலிருந்து மீட்ட கற்கள் சில இடங்களில் இத்தோட்டங்களுக்குத் திரும்பியுள்ளன. எக்கல் எக்குழிக்குரியது என்று அறிய வழியில்லாதபோது அவற்றை மதிலோரமாக நிறுத்திவைக்கின்றனர்.