ஜாங்கோ மேம்பாட்டுக்குப் பின் முடங்கும் தளங்கள்: பழுது எங்கே, தீர்வு என்ன?

கேமரன் மலை, கம்போங் ராஜாவிலிருந்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் காய்கறி அனுப்பும் வியாபாரி ஒருவர், தம் இணையத்தளம் வழியாக ஆர்டர் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தளத்தை அமைத்துக் கொடுத்த இளைஞர் ஜாங்கோவின் புதிய பதிப்பை ஏற்றுகிறார். நிறுவல் பிழையின்றி முடிகிறது. ஆனால் தளம் திறக்கவில்லை. 'யுகெட்டெக்ஸ்ட்_லேசி' என்ற பெயரை இறக்குமதி செய்ய இயலவில்லை என்று ஒரு வரி திரையில் நிற்கிறது. அது சரியாகும் வரை லாரியில் எதை ஏற்றுவது என்ற பட்டியல் வியாபாரியின் கைக்கு வராது.

பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஜாங்கோ, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் நகர நாளிதழ் ஒன்றின் இணையப் பிரிவில் உருவாகி, 2005 ஜூலையில் பொதுவுக்கு வந்தது. இன்று உலகெங்கும் பயன்படும் இந்தக் கட்டமைப்பு, மேலே சொன்ன பெயரை ஏன் கைவிட்டது என்பதைத் தமிழர்கள் மற்றவர்களைவிட எளிதாகப் புரிந்துகொள்ளலாம்.

பைத்தான் 2 சாதாரணச் சொற்களை எழுத்துகளாகப் பார்க்கவில்லை, பைட்டுகளாகவே பார்த்தது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால், யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் 15 என்று சொல்லும். யூனிகோடு சரமாகக் கொடுத்தால் 5. நம் கண்ணுக்கோ மூன்றே எழுத்துகள். எனவே மொழிபெயர்ப்புச் சொற்களை யூனிகோடாகப் பெற, பெயரின் முன்னால் 'யு' சேர்த்த தனிச் செயற்கூறுகளை ஜாங்கோ வைத்திருந்தது. பைத்தான் 3-இல் எல்லாச் சரங்களும் யூனிகோடு ஆகிவிட்டதால் அந்த 'யு'வுக்கு வேலையில்லாமல் போனது. (மூன்று எழுத்து என்ற கணக்கு பைத்தான் 3-இலும் தானாக வராது. அதற்கு 'ஓப்பன்-தமிழ்' போன்ற லைப்ரரிகள் தேவை.)

2017 டிசம்பரில் வந்த ஜாங்கோ 2.0 பைத்தான் 2-ஐக் கைவிட்டது. 2019 டிசம்பரில் வந்த 3.0, பழைய பெயர்களைப் பயன்படுத்துவோருக்கு எச்சரிக்கை கொடுத்தது. 2021 டிசம்பரில் 4.0 அவற்றை நீக்கியது. 'ஃபோர்ஸ்_டெக்ஸ்ட்', 'ஸ்மார்ட்_டெக்ஸ்ட்' ஆகியவையும் முகவரி அமைப்புக்கான பழைய 'யுஆர்எல்' செயற்கூறும் அதே பதிப்பில் போயின. எச்சரிக்கைக்கும் நீக்கத்துக்கும் இடையே ஈராண்டு அவகாசம் இருந்தது. பலர் அந்த எச்சரிக்கையைப் பார்க்கவே இல்லை, ஏனெனில் பைத்தான் இயல்பாக அவற்றில் பலவற்றை மறைத்துவிடுகிறது.

பதிப்பு மோதல் இரு வகைப்படும். முதலாவது, நிறுவும்போதே தெரிவது. ஒரு லைப்ரரி 4.0-க்குக் கீழ் வேண்டும் என்கிறது, நீங்கள் 4.2 கேட்கிறீர்கள். 2020 நவம்பரில் வெளியான பிப் 20.3 முதல், இத்தகைய நிலையில் பிப் நிறுவலை நிறுத்திவிட்டு மோதும் லைப்ரரிகளைச் சுட்டிக்காட்டுகிறது. இதில் சிக்கல் குறைவு.

தொல்லை தருவது இரண்டாவது வகை. லைப்ரரியை எழுதியவர் 'ஜாங்கோ 2.2 அல்லது அதற்கு மேல்' என்று மட்டும் குறித்து, மேல் வரம்பு போடாமல் விட்டிருப்பார். பிப் அதை நம்பி நிறுவிவிடும். 'பிப் செக்' கட்டளையும் குறையில்லை என்றே சொல்லும். தளம் இயங்கத் தொடங்கும்போதுதான் குட்டு வெளிப்படும். வியாபாரியின் தளத்தில் நடந்தது இதுதான்.

அப்போது பிழைச் செய்தியைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கடைசி வரி எந்தப் பெயர் கிடைக்கவில்லை என்று சொல்லும். அதற்குச் சற்று மேலே உள்ள கோப்புப் பாதையில் 'சைட்-பேக்கேஜஸ்' என்று இருந்தால் குற்றவாளி உங்கள் நிரல் அல்ல, வெளியிலிருந்து வந்த லைப்ரரி. அதையடுத்து வரும் பெயர்தான் அந்த லைப்ரரி. அதை யார் உள்ளே கொண்டுவந்தார் என்பதை 'பிப்டெப்ட்ரீ' என்ற கருவி மரம்போல் விரித்துக் காட்டும்.

அதன் புதிய பதிப்பு இருந்தால் ஏற்றினால் போதும். பராமரிப்பே நின்றுபோயிருந்தால் மாற்று தேட வேண்டும். உள்நுழைவுச் சான்றுக்காகப் பலர் பயன்படுத்திய 'ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க் ஜேடபிள்யூடி' அப்படிக் கைவிடப்பட்ட ஒன்று. நீக்கப்பட்ட பழைய பெயர் அதிலும் இருந்தது. அதன் இடத்துக்கு 'சிம்பிள் ஜேடபிள்யூடி' வந்துவிட்டது. அவசரத்துக்கு, அமைப்புக் கோப்பின் தொடக்கத்தில் பழைய பெயரைப் புதிய 'கெட்டெக்ஸ்ட்_லேசி'க்குச் சமமாக்கி ஒட்டுப் போடலாம். அன்றைய ஆர்டர் போய்ச் சேர அது உதவும், அதற்கு மேல் அதை நம்பக் கூடாது. சைட்-பேக்கேஜஸ் கோப்புகளை நேரடியாகத் திருத்துவது அதைவிட மோசம். அடுத்த நிறுவலில் திருத்தம் சுவடின்றி அழிந்துவிடும்.

மோதல் எதிர்த்திசையிலும் வரும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துடன் பேசும் 'சைகோபிஜி2' 2.9 பதிப்புக்கு வந்தபோது, பழைய ஜாங்கோ 2.2-இல் இயங்கிய தளங்கள் தரவுத்தள இணைப்பு யுடிசி நேரத்தில் இல்லை என்று சொல்லி நின்றன. அங்கே ஜாங்கோவை யாரும் தொடவில்லை, லைப்ரரிதான் முந்திக்கொண்டது. பதிப்பு எண்ணைக் குறிக்காமல் லைப்ரரி நிறுவுவோருக்கு இது எந்த நாளும் நேரலாம்.

சில வேளைகளில் பழி தவறான இடத்தில் விழும். 4.0-க்குப் பின் தளம் திறந்து, படிவங்கள் மட்டும் 403 பிழை காட்டினால், லைப்ரரியைச் சந்தேகிக்கும் முன் நம்பகத் தளங்களின் பட்டியலைப் பாருங்கள். அதில் உள்ள முகவரிகள் இப்போது 'எச்டிடிபிஎஸ்' போன்ற முன்னொட்டுடன் இருக்க வேண்டும்.

மேம்படுத்தாமலே இருந்துவிடலாமா? 3.2-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஏப்ரலுடன் நின்றன. வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணும் முகவரியும் உள்ள தளத்தை அப்படி விட்டுவைக்க முடியாது. நீண்டகால ஆதரவுப் பதிப்புகளான 2.2, 3.2, 4.2, 5.2 என்று படிப்படியாக ஏறுவதே நல்லது. கடைசிப் படிக்குப் பைத்தான் 3.10 அல்லது அதற்கு மேல் வேண்டும். ஒவ்வொரு படியிலும் எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லிச் சோதனைகளை ஓட்டி, வந்ததைத் திருத்திவிட்டு அடுத்ததற்குப் போகலாம். சொந்த நிரலில் உள்ள பழைய பெயர்களை 'ஜாங்கோ-அப்கிரேட்' கருவி பெரும்பாலும் தானே மாற்றித் தரும்.

தொடங்குமுன் 'பிப் ஃபிரீஸ்' கொடுத்து, இன்று இயங்கும் பதிப்பு எண்கள் அனைத்தையும் கோப்பில் சேமியுங்கள். சோதனையைத் தனி மெய்நிகர் சூழலில் நடத்துங்கள். மலைப்பகுதியில் இணைய வேகம் ஏறி இறங்கும் என்பதால், 'பிப் டவுன்லோட்' மூலம் அந்தப் பழைய பதிப்புகளையும் ஒரு கோப்புறையில் இறக்கி வைத்துக்கொண்டால், தளம் நடுவில் நின்றாலும் இணையத்துக்குக் காத்திராமல் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.