மெத்து மரம், ஒடியாத பலகை

பனிச்சறுக்குப் பலகையைப் பத்தி ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன் பதிவு போட்டா நீங்க சிரிக்கத்தான் செய்வீங்க. எங்க பக்கம் ஐஸ் என்றால் மீன் பெட்டிக்குள்ள உடைச்சுப் போடுறது மட்டும்தான். ஆனாலும் கொஞ்சம் பொறுமையா படிங்க. பனியில் ஆரம்பிக்கிற இந்தப் பதிவு பாம்பன் கரையில்தான் முடியப் போகுது. கேள்வி ஒண்ணே ஒண்ணு: சறுக்குற பலகை மெத்துனு இருக்கணுமா, கெட்டியா இருக்கணுமா?

முதல்ல பனி. மேல்நாட்டுப் பனிமலைகளில் 'டெரெய்ன் பார்க்' என்று ஒண்ணு உண்டு. சரிவில் செயற்கையா மேடு கட்டி, நடுவுல இரும்புக் கம்பி, பெட்டி எல்லாம் நட்டு வெச்சிருப்பாங்க. பசங்க அதுமேல ஏறிச் சறுக்கி, பறந்து, திரும்பி, சில சமயம் பின்பக்கமாவே வந்து இறங்குவாங்க. பின்பக்கமா இறங்கணும்னா பலகையின் வாலும் தலை மாதிரியே மேல வளைஞ்சிருக்கணும். அமெரிக்காவில் 1995-ல் தொடங்கின லைன் கம்பெனியும், 1998-ல் வந்த சாலமன் 'டென் எய்ட்டி' பலகையும்தான் இந்த இரட்டை முனைப் பலகையைப் பரவலாக்கினது. 2014-ல் ரஷ்யாவின் சோச்சியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்ஸில் இந்த விளையாட்டுக்கு மெடலே கொடுத்தாங்க.

இந்தப் பலகையை வாங்கப் போறவனுக்கு ஒரு தலைவலி இருக்கு. வளைஞ்சு கொடுக்கிற பலகையா இருந்தாத்தான் வித்தை காட்ட முடியும், தப்பா இறங்கினாலும் காலை வாராது. ஆனா தினமும் இரும்புக் கம்பியில் அடிபடுற பலகை ரொம்ப மெத்துனு இருந்தா ஒரே சீசனில் அடுக்கு பிரிஞ்சிடும், ஓரத்து எஃகு விளிம்பு வெடிச்சிடும். ரொம்ப விறைப்பா இருந்தாலோ பலகை பிழைக்கும், முட்டி பிழைக்காது. அதனால தெரிஞ்சவங்க சொல்றது இதுதான்: தலையும் வாலும் வளையட்டும், காலுக்குக் கீழே உறுதியா இருக்கட்டும். எஃகு விளிம்பு வழக்கமான 2 மில்லிமீட்டருக்குப் பதிலா இரண்டரை மில்லிமீட்டர் தடிமனா இருந்தா நல்லது. உள்ளே நுரை மட்டும் வெச்ச மலிவுப் பலகை வேண்டாம், மரம் வெச்சதா பார்த்து வாங்கு.

அந்த மரம் என்ன மரம்? இங்கதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாப்லர், ஆஸ்பென், பாலோனியா என்று எல்லாமே லேசான மரங்கள். சில கம்பெனிகள் அதோட மேப்பிள், ஆஷ் மாதிரி கெட்டி மரத்தையும் பட்டை பட்டையா சேர்த்து ஒட்டுறாங்க. பழைய காலத்தில் இப்படி இல்லை. ஹிக்கரி, ஆஷ் மாதிரி கெட்டி மரத்தில் ஒரே துண்டாச் செதுக்கினது ரொம்ப காலம் ஓடுச்சு. 1930-களில் நார்வேக்காரங்க பட்டைகளை ஒட்டிப் பலகை செஞ்சாங்க. 1950-ல் ஹோவர்ட் ஹெட் என்ற விமானப் பொறியாளர் அலுமினியத் தகடு ரெண்டுக்கு நடுவில் ஒட்டுப்பலகையை வெச்சு சாண்ட்விச் மாதிரி ஒண்ணைக் கொண்டு வந்தார். அதுக்கப்புறம் வந்த பலகை எல்லாம் கிட்டத்தட்ட அந்த யோசனைதான். உள்ளே லேசான உயிர், வெளியே உறுதியான தோல்.

லேசான மரம்னதும் எங்க ஊர்க்காரனுக்கு வேற என்ன ஞாபகம் வரும்? கட்டுமரம்தான்.

கட்டுமரத்தையும் ஒரு சறுக்குப் பலகைன்னுதான் நான் சொல்லுவேன். கரையில் உடையுற அலையைத் தாண்டி வெளியே போகணும், திரும்பி வரும்போது அதே அலை முதுகில் ஏறி மணலில் வந்து மோதணும். படகு என்றால் உள்ளே தண்ணி ஏறும், கவிழும். கட்டுமரத்துக்கு உள்ளேன்னு ஒண்ணே கிடையாது. அலை மேல ஏறி, கட்டை இடுக்கு வழியா வடிஞ்சு போயிடும். அதை மூழ்கடிக்க முடியாது, ஏன்னா அது ஏற்கெனவே பாதி முழுகித்தான் மிதக்குது.

இதுக்குக் கெட்டி மரம் உதவாது. கீழக்கரை, தூத்துக்குடித் தோணிகளுக்குத் தேக்கு மாதிரி மரம் சரி, அது சரக்கு ஏத்தி வருஷக்கணக்கில் ஓடணும். கட்டுமரத்துக்குத் தேடினது மலைவேம்பு, இலவம், வாகை இனத்தில் லேசான மரங்கள். பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம், கேரளத்தில் இருந்து வரணும். மென்மையான மரம் நல்லா மிதக்கும், ரெண்டு பேர் தோளில் தூக்கலாம், மணலில் மோதினா விரிசல் விடாம நசுங்கிக் கொடுக்கும். ஆனா மென்மையான மரம் தண்ணியைக் குடிக்கும், சீக்கிரம் உளுத்தும் போகும். அங்கே பனியில் இருக்கிற அதே தலைவலி இங்கே கடலில்.

எங்க ஆளுங்க இதை எப்படித் தீர்த்தாங்க? ஒட்டலை. தகடு போர்த்தலை. ஆணியும் அடிக்கலை. கயித்தால் கட்டினாங்க. பேர்லயே இருக்கே!

மூணு, அஞ்சு, ஏழு என்று கட்டைகளைச் சேர்த்து ரெண்டு முனையிலும் கயிறு போட்டு இறுக்குவாங்க. அலை அடிக்கும்போது ஒவ்வொரு கட்டையும் தனித்தனியாக் கொஞ்சம் அசைஞ்சு கொடுக்கும். பனிப்பலகையில் மரநாரும் கண்ணாடி இழையும் செய்யுற வளையுற வேலையை இங்கே கயிறு செய்யுது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியா மணலில் காயப் போட்டுருவாங்க. குடிச்ச தண்ணியெல்லாம் வெயிலில் போயிடும். ஒரு கட்டை உளுத்தா அந்த ஒண்ணை மட்டும் மாத்தினாப் போதும். வடக்கே ஆந்திரக் கரையில் மரமுளை அடிச்சுச் சேர்க்கிற தெப்பம் உண்டு. தமிழ்க் கரையில் கயிறுதான்.

ஆக, கட்டுமரம் நீடிச்சு உழைச்சதுக்குக் காரணம் மரம் இல்லை. அவிழ்க்கிறது, காயப் போடுறது, மாத்திக் கட்டுறது. அதாவது ஓய்வு. இதைப் புரிஞ்சுக்காம 'பழங்காலக் கட்டை' என்று ஒதுக்கினவங்கதான் நிறைய. புரிஞ்சுக்க முயற்சி பண்ணினவர்களில் ஜேம்ஸ் ஹார்னெல் முக்கியமானவர். சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு இயக்குநரா இருந்தவர், இந்தியப் படகு வடிவங்களைப் பத்தி 1920-லேயே விரிவா எழுதி வெச்சிட்டுப் போனார்.

சொல்லின் கதை தனி வேடிக்கை. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி 1697-ல் வெளியான தன் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பத்தி எழுதினார். அந்தச் சொல் ஆங்கிலத்தில் ஒட்டிக்கிச்சு. ஆனா அர்த்தம் மாறிப்போச்சு. 1876-ல் நத்தனியேல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் ரெண்டு உடல் சேர்த்த 'அமரில்லிஸ்' என்ற படகை நியூயார்க் போட்டியில் ஓட்டி எல்லாரையும் முந்த, இது செல்லாதுன்னு தகுதிநீக்கமே பண்ணிட்டாங்க. இன்னிக்கு உலகம் 'கேட்டமரான்' என்று சொல்றது அந்த ரெண்டு உடல் படகைத்தான். அதுக்கும் நம்ம கட்டைக்கும் பேரைத் தவிர பெரிய சொந்தம் இல்லை.

அந்தப் பேரில் படகு வித்துப் புகழ்பெற்றவர் கலிஃபோர்னியாவின் ஹோபி ஆல்டர். 1968-ல் அவர் கொண்டுவந்த சின்ன ரெட்டைப் படகு உலகம் முழுக்கப் பரவுச்சு. அதுக்கு முன்னாடி அவர் அலைச்சறுக்குப் பலகை செஞ்சுக்கிட்டு இருந்தார். 1950-கள் வரைக்கும் பலகைக்கு பால்சா என்ற மெத்து மரம்தான். மரம் கிடைக்கிறது கஷ்டமாக, 1958 வாக்கில் நுரைக்கு மாறினார். ஆனா நுரையை அப்படியே தண்ணியில் விடலை. மேலே கண்ணாடி இழையும் பிசினும் போட்டுத் தோல் போர்த்தினார். பனியில் ஹெட் பண்ணின அதே வேலை.

இப்ப பாம்பன் கரைக்கு வருவோம். இங்கேயும் மரம் கிடைக்கிறது கஷ்டமாச்சு, விலை ஏறுச்சு. 1980-களில் இருந்தே கண்ணாடி இழைப் படகுகள் வர ஆரம்பிச்சிருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் நிவாரணமாக் கிடைச்சதில் பெரும்பகுதி அந்தப் படகுதான். அதோட தமிழ்க் கரையில் கட்டுமரம் வேகமாக் கரைஞ்சது. கண்ணாடி இழைப் படகும் எஞ்சினும் வாங்க வசதி இல்லாத சின்ன மீனவர் என்ன செய்வார்? கையில் கிடைச்ச மெத்துப் பொருளை எடுத்தார். தெர்மாக்கோல்!

ராமேசுவரம் தீவிலும் மன்னார் வளைகுடாக் கரையிலும் தெர்மாக்கோல் அட்டைகளைச் சேர்த்துக் கட்டி, அதுமேல உட்கார்ந்து துடுப்புப் போட்டு மீன்பிடிக்கிறவங்க இருக்காங்க. யோசிச்சுப் பாத்தா இதுவும் ஒரு கட்டுமரம்தான். லேசு, விலை குறைவு, ஒரே ஆள் தூக்கலாம், அலை மேல ஏறினாலும் முழுகாது. அவங்க தேர்வில் புத்திசாலித்தனம் இருக்கு, அதை மறுக்க மாட்டேன். குறை எங்கேன்னா, தெர்மாக்கோலுக்குத் தோலும் இல்லை, ஓய்வும் இல்லை. வெயிலில் காயப் போட்டா மரம் திரும்ப உயிர் பெறும், தெர்மாக்கோல் பொரிஞ்சு உதிரும். உதிருறது வெள்ளை வெள்ளையா மணி மணியா அலையில் கலக்குது. 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, 21 தீவு, பவளப்பாறை, கடற்பசு எல்லாம் இருக்கிற கடல் இது. நடுவில் உடைஞ்சா அந்த ஆளுக்கு உயிர்ப் பிரச்சினை, உடையாம உதிர்ந்தாக் கடலுக்குப் பிரச்சினை.

இன்னொரு பக்கம் பாருங்க. 2010-களில் இருந்து இதே ராமேசுவரம் தீவுக்குக் காத்தாடிச் சறுக்கு விளையாட வெளியூர்க்காரங்க வர்றாங்க. கோடையில் தென்மேற்குக் காத்து, குளிர்காலத்தில் வாடை, ரெண்டு பக்கமும் கடல், தட்டையான ஆழமில்லாத தண்ணி. அவங்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவங்க காலில் மாட்டுற பலகையும் ரெட்டை முனைதான், நிறையப் பலகைகளில் உள்ளே பாலோனியா மாதிரி லேசான மரம், வெளியே இழைத்தோல். வாங்கும்போது அவங்க பேசுற பேச்சும் பனிக்காரங்க பேச்சுதான்: எவ்வளவு வளையும், எத்தனை நாள் தாங்கும்.

ஒரே கடல், ஒரே காத்து. ஒருத்தருக்கு மெத்து மரத்துக்கு மேல தோல் போர்த்தின பலகை. இன்னொருத்தருக்குத் தோல் இல்லாத வெறும் நுரை. விளையாடுறவருக்குக் கிடைச்ச தொழில்நுட்பம் பிழைப்புக்குப் போறவருக்குக் கிடைக்கலை என்பதுதான் எனக்கு உறுத்துது. இத்தனைக்கும் இது ராக்கெட் ரகசியம் இல்லை. அதே நுரைக்கு மேல இழையும் பிசினும் போர்த்தினா அது பல வருஷம் உழைக்கும் மிதவை ஆயிடும். கண்ணாடி இழைப் படகைப் பழுது பார்க்கத் தெரிஞ்சவங்க கடற்கரையோர ஊர்களில் இருக்காங்க. செலவுதான் தடை. ஒரு மீனவர் சங்கமோ, மீன்வளத் துறையோ கை கொடுத்தாத் தாண்டக் கூடிய தடை.

ஆக, ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு என் பதில்: மெத்துனு இருக்கட்டும், தப்பே இல்லை. ஆனா மென்மைக்கு ஒண்ணு தோல் வேணும், இல்லைன்னா ஓய்வு வேணும். பனிப்பலகைக்காரர் தோல் கொடுத்தார், கட்டுமரக்காரர் ஓய்வு கொடுத்தார். ரெண்டும் இல்லாத மென்மை கடலில் கரைஞ்சு போகும்.

உங்க ஊர்ப்பக்கம் கட்டுமரம் கட்டினவங்க, மரம் பாத்து வாங்கினவங்க யாராவது இருந்தா, எந்த மரம், எங்கிருந்து வந்துச்சு, எத்தனை நாள் காயப் போட்டாங்க என்று கேட்டு எழுதுங்க மக்களே. மரத்தைத் தட்டிப் பாத்தே தேறுமா தேறாதான்னு சொல்ற பெரியவர்கள் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க.