துவக்கும் தோட்டமும்: ஊவாவில் சிறுவிட்ட ரவையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

படைக்கலங்களின் வரலாறு பெரும்பாலும் பொறியியல் வளர்ச்சியின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. குழலின் விட்டம் குறைந்தது, ரவையின் வேகம் கூடியது என்பதோடு அது நின்றுவிடும். யாருடைய கையில் துவக்கு இருந்தது, யாரை நோக்கி அது நீண்டது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் களமாகக் கொண்டு நோக்குமிடத்து, இவ்வினாக்களின் இன்றியமையாமை புலனாகும்.

1817-18 ஆம் ஆண்டுகளில் ஊவாவில் மூண்ட கிளர்ச்சியை அடக்க வந்த பிரித்தானியப் படையினர் ஏந்தியவை, குழல்வாய் வழியே மருந்திட்டு இடிக்கும் மஸ்கட் துவக்குகளாகும். ஏறத்தாழ 19 மில்லிமீற்றர் விட்டமுடைய அக்குழலிலிருந்து புறப்பட்ட ஈயக்குண்டு நூறு யாருக்கப்பால் குறிதவறுவது இயல்பு. காடும் மலையும் அறிந்த குடியானவனுக்கு இது ஓரளவு சாதகமாயிருந்தது. வயல்களையும் வீடுகளையும் எரித்தும் கால்நடைகளை அழித்துமே அந்நிய ஆட்சி ஊவாவைப் பணியவைத்தது.

1884 இல் பிரான்சில் வியேய் என்பார் புகையற்ற வெடிமருந்தை உருவாக்கியதும் நிலைமை மாறத் தொடங்கிற்று. 1886 இல் பிரான்ஸ் 8 மில்லிமீற்றர் லெபெல் றைபிளை ஏற்றது. 1888 இல் பிரித்தானியா 0.303 அங்குல, அதாவது 7.7 மில்லிமீற்றர், தோட்டாவை ஏற்றது. அதற்கு முந்திய மார்ட்டினி-ஹென்றி றைபிளின் ரவை 31 கிராம் எடையுடன் செக்கனுக்கு ஏறத்தாழ 410 மீற்றர் வேகத்திற் சென்றது. 1910 இல் வழக்குக்கு வந்த கூர்முனை 0.303 ரவையின் எடை 11 கிராமே. வேகமோ 740 மீற்றர். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகுவதால், எடை மூன்றிலொரு பங்கானபோதும் ஆற்றல் குறையவில்லை. ரவையின் பாதை தட்டையாயிற்று. சுடுவோனைக் காட்டிக்கொடுக்கும் புகை மறைந்தது. சிறிய ரவை குடியேற்ற நாட்டு மக்களை உடனே வீழ்த்தவில்லையெனக் கருதிய ஆட்சியாளர், கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் தொழிற்சாலையில், உடலினுள் விரியும் ரவையைச் செய்வித்தனர். 1899 இல் ஹேக் மாநாடு இதனைத் தடைசெய்ய முற்பட்டபோது பிரித்தானியா எதிர்த்தமை மனங்கொளத்தக்கது.

இப்பின்னணியிலேயே 1900 இல் இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படை அமைக்கப்பட்டது. ஐரோப்பியத் தோட்டத்துரைமாரைக் கொண்ட இப்படையின் ஒரு பகுதியினர் போயர் யுத்தத்துக்கும் சென்றனர். காலையில் பிரட்டுக்களத்தில் ஆட்களைக் கணக்கெடுத்த வர்க்கமே ஓய்வுவேளையில் குறிசுடப் பழகியது. உற்பத்திச் சாதனமும் படைக்கலமும் ஒரே கையில் இருந்தன.

1940 இல் தோட்டப்புறமெங்கும் வேலைநிறுத்த அலை எழுந்தது. ஜனவரி 10 ஆம் நாள் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். மே மாதத்தில் பதுளையை அடுத்த வேவெஸ்ஸத் தோட்டத்தில் நிகழ்ந்ததோ வேறு. இடதுசாரித் தொழிற்சங்கத்தின் வழிகாட்டலில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தெரிந்தெடுத்தனர். அதனோடு கலந்து நடக்கத் துரை இணங்க நேர்ந்தது. அடக்க வந்த ஆயுதப் பொலிசாரிடமிருந்து தொழிலாளர் ஆயுதங்களைப் பறித்தனர். பின்னர் பொலிஸ் அடக்குமுறையும், ஊவாவை ஒரு வாரத்துக்கு மேலாகத் துண்டித்த வெள்ளமும் சேர்ந்து அவ்வெழுச்சியை முறியடித்தன. எனினும் அதன் படிப்பினை பெரிது. வேக ரவையின் மேன்மை தூரத்தில் தங்கியுள்ளது. ஒன்றுபட்டு நெருங்கிய மக்கள்முன் அத்தூரம் இல்லாதொழிந்தது.

1971 ஏப்ரல் 5 ஆம் நாள் விடியலில் வெல்லவாயப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டபோது, கிளர்ச்சியாளரின் முக்கிய ஆயுதங்கள் வேட்டைத் துவக்குகளும் கையாற் செய்த குண்டுகளுமே. ஆனால் படைக்கலக் குறைவு மாத்திரம் அவர்தம் பலவீனமன்று. 'இந்திய விஸ்தரிப்புவாதம்' பற்றிய அவர்தம் வகுப்பு, 1948 ஆம் ஆண்டின் சட்டத்தாற் குடியுரிமையிழந்த தோட்டத் தொழிலாளரை ஐயத்துக்குரியோராகக் காட்டியது. கிராமத்துக்கும் லயத்துக்குமிடையே அகன்ற இத்தூரம் ஆளும் வர்க்கத்துக்கே வாய்ப்பாயிற்று.

ரவை பின்னரும் சிறுத்தது. அமெரிக்காவின் 5.56 மில்லிமீற்றர் ரவை 4 கிராமுக்குங் குறைவானது. வேகம் 990 மீற்றரை எட்டும். 1974 இல் சோவியத் ஒன்றியம் 5.45 மில்லிமீற்றருக்கு மாறியது. இலங்கைத் தமிழரின் 'துவக்கு' என்பதும் சிங்களவரின் 'துவக்குவ' என்பதும் துருக்கி மொழிவழி வந்த ஒரே சொல்லின் வடிவங்களே. அச்சொல்லுக்கு அஞ்சி வாழ்ந்த இரு மக்கட் கூட்டத்தினரின் வரலாறுகளும் இன்னும் தனித்தனியே எழுதப்படுகின்றன. ஊவாவை ஆராய்வோர் கிராமத்தையும் லயத்தையும் ஒருங்கே நோக்குவதே இதற்குப் பரிகாரமாகும்.