ஐந்து கிராமுக்கு ஐந்து ஆண்டு

1986 ஜூன் மாதம் அமெரிக்காவில் லென் பயஸ் என்ற கூடைப்பந்து வீரர் கொக்கெய்ன் உட்கொண்டு இறந்துபோனார். வயது 22. பாஸ்டன் செல்டிக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்து இரண்டே நாள் ஆகியிருந்தது. நாடே பதறியது. நவம்பரில் தேர்தல் வேறு. அவசர அவசரமாக ஒரு மத்திய சட்டம் தயாராகி, அக்டோபர் 27 அன்று அதிபர் ரீகன் கையெழுத்திட்டார்.

அதன்படி ‘கிராக்’ என்னும் கட்டிக் கொக்கெய்ன் 5 கிராம் விற்றால் குறைந்தது 5 ஆண்டுச் சிறை. 5 கிராம் என்பது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை. தூள் கொக்கெய்னாக இருந்தால் அதே தண்டனைக்கு 500 கிராம் வேண்டும்! கிராக் வழக்குகளில் உள்ளே போனவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். நீதிபதி மனமிரங்கினாலும் ஒரு நாள்கூடக் குறைக்க முடியாது.

விலக்கு ஒன்று இருந்தது. மற்றவர்களைப் பிடித்துக்கொடுக்க உதவினால் தண்டனை குறையலாம். அதற்கும் அரசு வழக்கறிஞர்தான் மனுப்போட வேண்டும். கும்பல் தலைவனுக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கும். பொட்டலம் தூக்கிய பையனுக்கு என்ன தெரியும்?

பிரெஞ்சுக்காரர்கள் 1791இலேயே இப்படித் தண்டனையை அச்சடித்து வைத்து, நீதிபதியின் கையைக் கட்டிப் பார்த்தவர்கள். தண்டனையின் கடுமைக்கு அஞ்சி ஜூரிகள் ஆளையே விடுதலை செய்யத் தொடங்கவே, 1832இல் ‘சிர்கோன்ஸ்தான்ஸ் அத்தெனுவான்த்’, அதாவது குற்றத்தின் கடுமையைத் தணிக்கும் சூழ்நிலைகள் என்று சொல்லி, எல்லாக் குற்றங்களுக்கும் வழி திறந்துவிட்டார்கள்.

அமெரிக்கா 1994இல் கொஞ்சம் இறங்கி வந்தது. அந்த விலக்கை ‘சேஃப்டி வால்வ்’ என்கிறார்கள். நம் வீட்டுக் குக்கரில் இருக்கிறதே, அதே பெயர்தான். பழைய குற்றம் அநேகமாக இருக்கக்கூடாது. வன்முறையோ ஆயுதமோ கூடாது. யாரும் சாகவோ பலத்த காயமடையவோ கூடாது. தலைவனாக இருந்திருக்கக்கூடாது. தெரிந்ததையெல்லாம் உண்மையாகச் சொல்லிவிட வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால் நீதிபதியே குறைக்கலாம். சொன்ன தகவல் அரசுக்குப் பயன்படாமல் போனாலும் பாதகமில்லை. பொட்டலம் தூக்கிய பையனுக்கு உயிர்கொடுத்தது இந்தக் கடைசி ஏற்பாடுதான் என்பேன்.

2010இல் 5 கிராம் 28 ஆயிற்று. 2018இல் பழைய குற்றம் உள்ள சிலருக்கும் வால்வைத் திறந்தார்கள். ஆனால் மூன்று வகைக் குற்றக் கணக்கை அடுக்கி, ‘இது, இது மற்றும் இது இல்லாதவர்’ என்கிற மாதிரி எழுதிவிட்டார்கள். மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் தகுதி போகுமா, ஒன்று இருந்தாலே போய்விடுமா? அரசாணை படித்துக் குறிப்பு எழுதிய எந்தக் குமாஸ்தாவுக்கும் இந்த ‘மற்றும்’ படுத்தும் பாடு தெரியும். இங்கே அந்த ஒரு சொல்லில் ஆயிரக்கணக்கானோரின் சிறை ஆண்டுகள் தொங்கின. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது: ஒன்று இருந்தாலே தகுதி போயிற்று.