அறுபத்தாறாம் ஆண்டுக் கமரா

யூலை முதலாம் திகதி மொன்றியல் நகரமே வீடு மாறும். கியூபெக்கில் வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை யூன் 30இல் முடிவதால், எல்லோரும் ஒரே நாளில் சாமான் ஏற்றி இறக்குவார்கள். கொண்டுபோக முடியாதவை நடைபாதையில் கிடக்கும்: மெத்தை, கதிரை, தொட்டிச்செடி. கோட்-டே-நேஜில் எங்கள் தெருமுனையில் அப்படிக் கிடந்த ஓர் அட்டைப்பெட்டிக்குள், ரஷ்ய மொழிப் புத்தகங்களுக்கு அடியில், தோல் உறையோடு ஒரு கமரா இருந்தது. முன்தகட்டில் பெயர் ரஷ்ய எழுத்தில் சாய்வாகப் பொறித்திருந்தது. ஸோர்கி-4.

சித்தப்பாவிடம் கொண்டுபோனேன். யாழ்ப்பாணத்தில் ஸ்ரூடியோவில் வேலை செய்தவர். இன்றைக்கும் கமராவை இரண்டு கையாலும்தான் வாங்குவார். நான் வேகம் மாற்றும் வளையத்தில் விரல் வைத்ததும் பதறிப்போனார்.

"கை வைக்காதை தம்பி! பிலிமை முறுக்கிப்போட்டுத்தான் வேகத்தை மாத்த வேணும். இல்லாட்டி உள்ளுக்கு உடைஞ்சு போகும்."

ஸோர்கியைக் கையாளும் எவரும் முதலில் படிக்கும் பாடம் அதுதான். முறுக்கினார், அழுத்தினார். துணித்திரை ஓடிய சத்தம் கேட்டதும் முகம் தெளிந்தது.

"இப்ப இலக்கத்தைப் பார். முதல் ரெண்டும் என்ன?"

மேல்தகட்டில் எட்டு இலக்கங்கள். முதலிரண்டு 6, 6.

"அறுபத்தாறில பிறந்திருக்கு."

பழைய கமராவின் வயதை அறிவது எப்போதும் இத்தனை எளிதல்ல. லைக்கா என்றால் அட்டவணையைத் தேட வேண்டும். எம்-3 வகை 1954இல் 700001 என்ற இலக்கத்தில் தொடங்கியது என்பது போன்ற கணக்குகள் அதில் இருக்கும். ஆனால் அந்தத் தொழிற்சாலை இலக்கங்களைத் தொகுதி தொகுதியாக முன்கூட்டியே ஒதுக்கி வைத்ததால், அட்டவணை சொல்லும் ஆண்டும் கமரா உண்மையில் வெளிவந்த ஆண்டும் சில வேளை ஒத்துப்போகாது. மொஸ்கோவுக்கு அருகே கிராஸ்னகோர்ஸ்க்கில் இருந்த ஸோர்கித் தொழிற்சாலையோ, 1950களின் நடுப்பகுதியிலிருந்து பிறந்த ஆண்டை இலக்கத்தின் தலையிலேயே எழுதிவிட்டது. அதற்கு முந்தியவற்றுக்கு அந்த வசதி இல்லை. இந்த நகரத்தின் முகங்களையும் கடைத்தெருக்களையும் கியூபெக்கின் கிராமங்களையும் பல்லாண்டுகள் படமெடுத்த காபோர் ஸிலாஸி, புடாபெஸ்ட்டில் 1952இல் வாங்கிய முதல் கமராவும் ஒரு ஸோர்கிதான். 1956இன் ஹங்கேரிய எழுச்சியைப் படமெடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு அவர் கனடாவுக்கு வந்து சேர்ந்தார்.

கமராவின் வம்சமும் ஒரு பயணம்தான். ஜெர்மனியின் வெட்ஸ்லாரில் 1932இல் வந்த லைக்கா-2ஐப் பார்த்து, 1934இலிருந்து கார்கிவ் நகரத்தில் 'ஃபெட்' செய்தார்கள். போருக்குப் பின், 1948இல், அதே அச்சு கிராஸ்னகோர்ஸ்க்கில் ஸோர்கி ஆனது. கூர்ந்த பார்வையுடையது என்பது பெயரின் பொருள். நான்காம் வகை 1956 முதல் 1973 வரை பதினைந்து லட்சத்துக்கும் மேலாக வெளிவந்தது. ஆகவே என் கையில் இருந்தது அரிய பொருள் அல்ல. விலைக்காக நான் அதை ஆராயவுமில்லை. மொஸ்கோவுக்குப் பக்கத்தில் பிறந்தது என் தெருமுனைக்கு எப்படி வந்தது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

66 என்றதுமே என் மனம் அடுத்த ஆண்டுக்குத் தாவியது. 1967இல் மொன்றியலில் உலகக் கண்காட்சி. நோத்ர்-டாம் தீவில் எழுந்த சோவியத் மண்டபத்துக்குத்தான் அங்கே எல்லாவற்றையும்விடக் கூட்டம். முடிந்ததும் அந்த மண்டபத்தைக் கழற்றி மொஸ்கோவுக்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள். மண்டபம் திரும்பிப் போனது, யாரோ ஒரு பணியாளரின் கமரா மட்டும் இங்கே தங்கிவிட்டது என்று ஒரு கதையையே கட்டிவிட்டேன். சித்தப்பாவுக்கும் பிடித்திருந்தது. ஆனாலும் அவர் பூதக்கண்ணாடியை எடுத்து லென்ஸின் முன்வளையத்தைப் பார்த்தார்.

"லென்சுக்கும் பிறந்த ஆண்டு இருக்குத் தம்பி."

ஜூப்பிட்டர்-8, ரஷ்ய எழுத்தில். இலக்கத்தின் தொடக்கம் 71.

உடலைவிட லென்ஸ் ஓராண்டு மூத்ததென்றால் பொருட்படுத்த வேண்டியதில்லை; களஞ்சியத்தில் இருந்ததைப் பூட்டியிருப்பார்கள். ஐந்து ஆண்டு இளையதென்றால் பிறகு மாற்றியது என்று பொருள். வெளிநாட்டுச் சந்தைக்குச் செய்தவற்றில் பெரும்பாலும் இலத்தீன் எழுத்து இருக்கும். இதில் இரண்டு பெயருமே ரஷ்ய எழுத்தில் இருந்தன. 1971 வரையாவது அது பிறந்த நாட்டிலேயே, ஒரு வீட்டில் புழங்கியிருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. கண்காட்சிக் கதையைக் கைவிட்டேன்.

1971க்குப் பிறகு என்று எண்ணத் தொடங்கியதும் வேறொரு வழி தெரிந்தது. அந்தப் பத்தாண்டில் சோவியத் யூதர்கள் பெருந்தொகையாக வெளியேறினார்கள். பணத்தை மிகக் கொஞ்சமாகவே கொண்டுபோகலாம், பொருளைக் கொண்டுபோகலாம். ஆகவே பெட்டிக்குள் கமராக்களையும் லினன் விரிப்புகளையும் மரப்பாவைகளையும் வைத்தார்கள். ரயிலில் வியன்னா, அங்கிருந்து ரோம். அமெரிக்க, கனடா விசாவுக்காக ரோமை அடுத்த ஒஸ்தியாவிலும் லடிஸ்போலியிலும் மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள், ஞாயிறுகளில் போர்த்தா போர்தேசே சந்தையில் அவற்றை விற்றுச் சாப்பிட்டார்கள். ஸோர்கியும் செனித்தும் அங்கே கமரா அல்ல, காசு.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கையில் சித்தி தேத்தண்ணியோடு வந்து நின்றார். அவருடைய கையில் ஒற்றைக் காப்பு. ஆறு இருந்தன. சித்தப்பாவை வெளியே அனுப்ப ஏஜென்சிக்காரனுக்கு ஐந்து போனது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. யாரும் எதுவும் பேசவில்லை. சித்தப்பாதான் கமராவைத் திருப்பிப் பார்த்தபடி சொன்னார்:

"இதை மட்டும் விக்க மனம் வரேல்லைப் போல. வித்திருந்தா இங்க வந்திராது."

அடிக்கடி கை பட்ட இடங்களில் பூச்சுத் தேய்ந்து, உள்ளிருந்த பித்தளை தெரிந்தது. தோல் உறையின் ஓரத்தை யாரோ தடித்த கறுப்பு நூலால் இரண்டு முறை தைத்திருந்தார்கள். விற்பதற்காக வைத்திருந்த பொருளை இப்படிப் பேண மாட்டார்கள்.

பிறகு பின்மூடியைக் கழற்றித் திரையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தோம். ஊசித்துளை ஒன்றுகூட இல்லை. பற்றரி தேடும் வேலையும் இல்லை. ஒளி அளக்கும் கருவியே இதில் கிடையாது. இனித் தூரம் காட்டும் பகுதிதான் பாக்கி. முன்பக்கத்தில் இரண்டு சாளரங்கள். ஒன்று காட்டும் காட்சியின் மேல் மற்றதிலிருந்து வரும் மங்கலான நிழலுருவம் விழும். லென்ஸைத் திருப்பத் திருப்ப நிழல் நகரும்; இரண்டும் ஒன்றானால் தூரம் சரி. வெகுதொலைவில் உள்ள ஒன்றைப் பார்த்துத்தான் இதைச் சரிசெய்ய வேண்டும்.

பலகணிக்குப் போனோம். மலைச்சரிவில் சென்ற் ஜோசப் தேவாலயத்தின் பெரிய கும்மட்டம். லென்ஸை முடிவிலி வரை திருப்பிக் கண்ணில் வைத்தவர், "ரெண்டு சிலுவை தெரியுது" என்றார். மணிக்கூடு திருத்தும் சின்னத் திருப்புளியை வாங்கி, சாளரத்துக்குப் பக்கத்திலிருந்த மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த திருகாணியை மயிரிழை அளவு அசைத்தார். மறுபடி பார்த்தார். மறுபடி அசைத்தார். தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது.

"இப்ப ஒண்டுதான்" என்று கமராவை என்னிடம் நீட்டினார். "பிலிம் வாங்கிக்கொண்டு வா. முதல் படம் சித்தியை எடுப்பம்."