துணிக்கு அடியில் ஓர் உடல்

என்னிடம் இலக்கியம் படித்த மாணவர் ஒருவர் இப்போது அனிமேஷன் துறையில் இருக்கிறார். 'படத்தில் நீ செய்தது எது?' என்று அவர் தாயார் கேட்டபோது பதில் சொல்லத் திகைத்தாராம். அவர் செய்தது, பாத்திரங்களின் ஆடைக்கு அடியில் இருக்கும் உடல். அது திரையில் வருவதில்லை. அந்தப் பதிலைத் தேடிப் போனபோது ஒரு வரலாறு கிடைத்தது.

1986-இல் ஜெர்ரி வெய்ல், துணியைக் கணினியில் உருவாக்கும் வழியொன்றைச் சிக்கிராஃப் மாநாட்டில் முன்வைத்தார். சில புள்ளிகளில் பிடித்துத் தொங்கவிட்ட துணி அது. தொங்கும் சங்கிலியின் வளைவே அதன் மடிப்புகளுக்கு அடிப்படை. அதை அணிய ஆளில்லை. மறு ஆண்டே டெமெட்ரி டெர்ஸோபூலோஸ் குழுவினர் இயற்பியல் விசைகளைக் கொண்டு நெகிழும் பொருள்களை அசைத்துக் காட்டினர். துணி இன்னொன்றின் மேல் விழலாயிற்று. மோதல் என்னும் சிக்கலும் உடன் வந்தது.

கணினிக்குத் துணி என்பது புள்ளிகளாலான வலை. உடலோ உள்ளீடற்ற ஓடு. இரண்டும் ஒன்றையொன்று அறியா. 'இது கடக்கக்கூடாத பரப்பு' என்று சொல்லித் தராவிடில் சட்டை மார்பை ஊடுருவிக் கீழே விழும். ஆகவே உடலை மோதுபரப்பாக அறிவிக்க வேண்டும். நுணுக்கங்களை நீக்கிய எளிய உடலொன்றைத் தனியே செய்து அப்பணிக்கு வைப்பது வழக்கம், கணக்கு குறையும். அதைச் சுற்றிச் சிறிது இடைவெளி விடுவார்கள். இல்லையேல் தோல் துணிக்கு வெளியே எட்டிப் பார்க்கும். உராய்வு குறைந்தால் மேலாடை தோளிலிருந்து வழுக்கும்; கூடினால் ஒட்டிக்கொள்ளும்.

1997-இல் பிக்ஸார் எடுத்த 'கெரிஸ் கேம்' குறும்படத்தில், தன்னோடு தானே சதுரங்கம் ஆடும் முதியவரின் கோட்டு இவ்வாறு கணக்கிடப்பட்டதே. 1998-இல் டேவிட் பராஃப், ஆண்ட்ரூ விட்கின் இருவரும் காலத்தைப் பெரிய அடிகளாக எடுத்து வைத்தாலும் கணக்கு நிலைகுலையாத முறையைத் தந்தனர். 2002-இல் ராபர்ட் பிரிட்சனும் உடனுழைத்தோரும் மோதலையும் உராய்வையும் உறுதியாகக் கையாளும் வழியைக் காட்டினர்.

ஆயினும் பெரிய இடர் நடிப்பிலிருந்து வந்தது. பாத்திரம் முழங்கையை மடக்கும்போதும் கையை விலாவோடு அணைக்கும்போதும் கணினி உடலின் சதை தன்னையே ஊடுருவுகிறது. பார்வையாளர் அறியார், துணி அறியும். இரு பரப்புகளுக்கு நடுவே சிக்கிய துணியை ஒன்று இப்புறம் தள்ள, மற்றது அப்புறம் தள்ளுகிறது. அது இருக்கச் சரியான இடமே இல்லை.

நடிப்பைத் திருத்தச் சொல்லியிருக்கலாம். பராஃப், விட்கின், மைக்கேல் காஸ் மூவரும் 2003-இல் வெளியிட்ட கட்டுரை வேறு வழியைத் தேர்ந்தது. சிக்கிய துணி, பிடித்த பரப்புகளோடு சேர்ந்து நகரட்டும். பிடி விட்டதும் தன் இயல்புக்குத் திரும்பட்டும். துணியோடு துணி பின்னிக்கொண்டால் எப்பகுதி தவறான பக்கம் போயிற்றெனக் கண்டு பிரித்துவிடலாம். கலைஞனின் பிழையைக் கணிதம் பொறுத்துக்கொண்டது. 2006-இல் ஆஸ்கர் அகாதெமி, திரைப்படத் துணி உருவாக்கத்தில் அம்மூவரும் ஆற்றிய முன்னோடிப் பணிக்குத் தொழில்நுட்ப விருது அளித்தது.

விருது துணிக்கு. அடியிலுள்ள உடலைக் காட்சிக்குக் காட்சி சரிசெய்பவர்களின் பெயர்களோ, அரங்கில் விளக்கு எரிந்தபின் ஓடும் பட்டியலில் இருக்கின்றன. அடுத்த முறை அம்மாவை அழைத்துப்போய், பட்டியல் முடியும்வரை உட்கார்ந்திருங்கள் என்று மாணவரிடம் சொன்னேன்.