வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழ்: பெங்களூரின் தமிழ்க் கல்வெட்டுகள் சொல்வதும் சொல்லாததும்

பெங்களூர் மடிவாளாவிலுள்ள சோமேசுவரர் கோயில் சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. அவற்றுள் காலத்தால் முந்தியது 1247ஆம் ஆண்டுக்குரியது. வேப்பூரைச் சேர்ந்த ஒருவர், வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைக் கோயிலுக்கு வழங்கியதை அது பதிவு செய்கிறது. வேப்பூர் என்பது இன்றைய பேகூர். வெங்களூர் என்பது பெங்களூர்.

மொழிப் பூசல் எழும்போதெல்லாம் இத்தகைய கற்கள் சான்றாக முன்வைக்கப்படுகின்றன. ‘இந்நகரம் தமிழருடையது’ என ஒரு தரப்பு வாதிடுகிறது. ‘இவை படையெடுத்து வந்தோர் விட்டுச்சென்ற தடயங்கள்’ என மறுதரப்பு ஒதுக்குகிறது. இரு தரப்பும் கல்வெட்டின் மொழியை ஊராரின் மொழியாகவோ அரசனின் மொழியாகவோ கொள்கின்றன. அந்த அடிப்படையே ஆய்வுக்குரியது.

காலவரிசையில் ஐயமில்லை. ஹெப்பாளத்தில் கிடைத்த கிட்டய்யாவின் கன்னட நடுகல் ஏறத்தாழ கி.பி. 750ஐச் சேர்ந்தது. ‘பெங்களூர்’ என்னும் பெயர் முதன்முதலில் காணப்படுவது கி.பி. 890ஐ ஒட்டிய பேகூர்க் கன்னட நடுகல்லில். வீரபல்லாளனும் வெந்த அவரையும் என்ற பெயர்க்கதை இதனாலேயே நிலைகுலைகிறது. அம்மன்னன் மூன்று நூற்றாண்டுகள் பிற்பட்டவன். சோழர் கங்கபாடியைக் கைப்பற்றியது 1004ஐ ஒட்டியே. 1116ஐ ஒட்டி ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் அவர்களை அகற்றினான்.

வியப்பு அதன் பின்னரே தொடங்குகிறது. சோழர் அகன்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும், ஹொய்சளர் ஆட்சியில், இப்பகுதிக் கோயில்களில் தமிழ்க் கல்வெட்டுகள் தொடர்ந்து பொறிக்கப்பட்டன. அரசு மாறியபோது எழுத்து வழக்கு உடன் மாறவில்லை. இதே காலத்து இங்கிலாந்து இதற்குத் துணை விளக்கம் தருகிறது. 13ஆம் நூற்றாண்டில் அங்கு பண்ணை மன்றங்களின் பதிவேடுகள் இலத்தீனில் எழுதப்பட்டன. உழவர் பேசியதோ ஆங்கிலம். அவ்வுழவரை எவரும் இலத்தீன் மக்கள் என்று கூறுவதில்லை. பெங்களூரின் நிலை முற்றிலும் அத்தகையதன்று; இங்கு தமிழ் வழங்கும் நிலப்பரப்பு அருகிலேயே இருந்தது. ஆயினும் பதிவு மொழி வேறு, பேச்சு மொழி வேறாக இருக்கக்கூடும் என்ற எச்சரிக்கை இரண்டு இடங்களுக்கும் பொருந்தும்.

பேச்சு மொழியைப் பற்றிய தடயம் ஊர்ப்பெயர்களில் உள்ளது. மொழிமுதல் வகரம் கன்னடத்தில் பகரமாகத் திரிந்தது: வேர் – பேரு, வெல்லம் – பெல்ல. கன்னட நடுகல்லில் பெம்பூர், பெங்களூர் என்றிருப்பவை தமிழ்க் கல்லில் வேப்பூர், வெங்களூர் என வகரம் பெறுகின்றன. தமிழ்க் கற்களில் வரும் தாமரைக்கரை இன்றைய தாவரெகெரெ. எழுதியவர் காதில் விழுந்த ஒலியை அப்படியே பெயர்த்தெழுதவில்லை. இரு மொழிகளுக்கிடையிலான ஒலியுறவை அறிந்து எழுதியதாகத் தோன்றுகிறது. அவ்வாறாயின், இக்கற்கள் ஒரு மொழியின் வெற்றியைக் காட்டவில்லை. இருமொழியாளரின் புழக்கத்தைக் காட்டுகின்றன.

சமூகச் செய்திகளும் அவ்வாறே அமைகின்றன. தொம்பலூர் என்ற தேசிமாணிக்கப்பட்டணம் இன்றைய தொம்மலூர். ‘தேசி’, ‘பட்டணம்’ ஆகிய சொற்கள் வணிகக் குழுக்களோடும் சந்தையோடும் தொடர்புடையவை. அங்குள்ள சொக்கப்பெருமாள் கோயிலுக்கு 1270இல் அழகியார் என்பவர் இரண்டு நிலைக்கால்களை வழங்கினார். தலைக்காட்டு என்பவரும் அவர் மனைவியும் சலப்பள்ளியிலும் விண்ணமங்கலம் ஏரியை ஒட்டியும் நிலம் அளித்தனர். கொடையாளியாக மனைவியும் இடம்பெறுவதும், வாயிலின் இரு கால்களே பதிவுக்குரிய அறமாக மதிக்கப்பட்டதும் குறிப்பிடத்தக்கன. ஏரி, நிலம், பூசை ஆகிய மூன்றும் ஒரே கணக்கில் இணைந்திருந்தன. ஏரி நீரின்றி நெல் விளையாது. நெல்லின்றி அமுதுபடி நடவாது.

1301ஐ ஒட்டி மூன்றாம் வல்லாளன் பிறப்பித்த ஆணை, குந்தாணி அரசுக்குட்பட்ட பல ஊர்களின் கோயில்களில் தமிழில் பொறிக்கப்பட்டது. தேவதானம், திருவிடையாட்டம், மடப்புறம், பள்ளிச்சந்தம் ஆகிய நிலங்களின் வரிகளை அது நீக்கியது. சைவ, வைணவக் கோயில்களும் மடங்களும் சமணப் பள்ளிகளும் ஒரே ஆணைக்குள் அடங்கின. நீக்கப்பட்டவற்றுள் தறி வரியும் பொற்கொல்லர் வரியும் உண்டு; நெசவாளரும் தட்டாரும் வரிப்பட்டியல் வழியாகவே வரலாற்றுக்குள் நுழைகின்றனர். ஆணையைப் பிறப்பித்தவன் கன்னட மரபு மன்னன்.

லூயி ரைஸ் 1905இல் பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளைத் தொகுத்து வெளியிட்டார். அவர் கண்ட கற்களுள் பல இன்று இல்லை. சாலைகளும் கட்டடங்களும் பெருகியபோது, கன்னடக் கல், தமிழ்க் கல் என்ற வேறுபாடின்றி அவை அழிந்தன. எஞ்சியவற்றை மிதிக் சொசைட்டி முப்பரிமாணத்தில் பதிவு செய்து வருகிறது. நகரம் யாருக்குரியது என்ற வினாவுக்கு இக்கற்களில் விடை இல்லை. யார் ஏரிக்கீழ் நிலத்தைக் கொடுத்தார், யார் நிலைக்காலை நாட்டினார், யார் தறிக்கு வரி செலுத்தினார் என்பதற்கு விடை உண்டு. அவ்விடையைப் படிக்க இரு மொழிகளும் தேவை.